மூன்று வெட்டு மிதப்பு

மீன் பெட்டி செய்கிற ரெஜிபோமை, அந்த வெள்ளை நுரை அட்டையை, கத்தியால் வெட்டக் கூடாது. கத்தி பட்டால் அது வெள்ளை மணிமணியாக உதிர்ந்து வீடு முழுக்கப் பறக்கும். சோற்றில் விழும், பிள்ளையின் தலையில் ஒட்டும், மனைவி இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மெல்லிய கம்பியைச் சூடாக்கி வெட்ட வேண்டும். அப்போது ஓரம் இலேசாக உருகி வழுவழுப்பாக வரும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பொறுப்பதிகாரி ஐயா. பிறகு உங்களுக்கே விளங்கும்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டபோது சம்மதித்தீர்கள். நன்றி. நான் தமிழில் சொல்ல, உங்கள் சார்ஜன்ட் அதைச் சிங்களத்தில் எழுத, எனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் நான் கையெழுத்து வைப்பது எல்லோருக்கும் வீண் வேலை.

என் பெயர் பிரதீஸ். வயது நாற்பத்தொன்று. ஊர் புளியந்தீவு. பொறியியல் படித்தவன். தன்னாமுனையில், வாவிக் கரையோரம் எனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. வாசலில் 'வாவி வானிலை அவதான நிலையம்' என்று பலகை தொங்குகிறது. நான் செய்த பொய்களில் அந்தப் பலகைதான் மூத்தது. இரண்டு பள்ளிக்கூடங்கள் அதை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தன. நானும் மழைமானி ஒன்றை வாங்கி நட்டு, நல்ல விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை நன்றிக் கடிதம்கூட அனுப்பியது.

உண்மையில் அங்கே நாங்கள் செய்தது பொய்ப் பிளேன். சண்டைக்குப் போகிற விமானம் ஒன்றின் விலைக்கு இந்த மாவட்டத்தில் நாலு ஆஸ்பத்திரி கட்டலாம். அதைச் சுட்டு விழுத்த எதிரியிடம் ஏவுகணை இருக்கும். ஆகவே அதற்கு முன்னால் மலிவான பொய்ப் பிளேன்கள் சிலவற்றைப் பறக்க விடுவார்கள். ஏவுகணை பொய்யைத் துரத்திக்கொண்டு போகும். மெய்யான விமானம் தன் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். நல்ல ஏற்பாடு, நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பொய்ப் பிளேனுக்குப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. மீன் பெட்டி ரெஜிபோம், ஒரு சின்ன எஞ்சின், சாப்பாட்டுக் கடையில் கோழிப் பொரியல் சுற்றித் தருகிற அலுமினியத் தாள். அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்தால் ராடாரின் கண்ணுக்கு அது போர் விமானம். அத்தனை பெரிய நாடுகள் அத்தனை செலவழித்து வாங்கின ராடார்கள் கோழிப் பொரியல் தாளைப் பார்த்துப் பதறுவதை நினைத்து நானும் றிஸானும் பல தடவை வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். றிஸான் ஏறாவூரான். முன்பு மீன் பெட்டி செய்தவன், என்னைவிட நாலு வயது மூத்தவன். கொட்டகையில் எனக்கிருந்த ஒரே ஆள் அவன்தான்.

செய்வித்தது ஒரு வெளிநாட்டுக் கம்பனி. பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அந்தப் பெயரில் இப்போது கம்பனி எதுவும் இல்லை என்று கேள்வி. வேலைக்கு எடுக்கும்போது, விமானத் துறையில் முன்னனுபவம் உண்டா என்று கேட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டு எனக்கு ஆறு வயது. இரைச்சல் கேட்டதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்குவார். விமானங்களைக் கீழே இருந்து பார்த்த அனுபவம் நிறைய உண்டு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நேர்முகத்தில் பகிடி விடக் கூடாது.

கம்பனியின் தாள்களில் எங்கள் சரக்கின் பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி எப்போதும் வரும். தமிழில் சொன்னால், 'போனால் போகட்டும்' என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது. நான் படித்து முடித்துப் பாலம் கட்டினேன், மதகு கட்டினேன். ஒன்றில் பிழை வந்தால் ஊரே நம்மைப் பிடிக்கும். இது அப்படியில்லை. உடைவதற்காகவே செய்கிற சாமான். இரவில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

ஒரேயொரு பிரச்சினை. போனது போகவில்லை.

வாவிக்கு மேலே அரை மணித்தியாலம் பறக்க விட்டு, கடைசியில் தண்ணீரில் விழ வைப்போம். அத்தோடு அது தொலைந்துவிட வேண்டும், அப்படித்தான் ஒப்பந்தம். ஆனால் மறுநாள் காலையில் கனகசிங்கம் அண்ணன் அதைத் தோணியின் குறுக்கே வைத்துக் கொண்டுவந்து தந்துவிடுவார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வயது. கொட்டகையிலிருந்து நாலு வளவு தள்ளி வீடு. வாவியில் வலை போடுகிறவர். பிள்ளைகள் இரண்டு பேரும் கலியாணம் முடித்துக் கிரான் பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் மனைவி சீதேவிப்பிள்ளையும் மட்டும். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

எங்கள் கரையில் வலை போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் உண்டு. வலையின் மேல் விளிம்பில் கட்டுகிற மிதப்பில் அதை வெட்டியிருப்பார்கள். பழைய மீன் பெட்டியை உடைத்துத்தான் மிதப்பும் செய்வார்கள். கனகசிங்கம் அண்ணனின் அடையாளம் மூன்று வெட்டு, மேலே ஒரு சிவப்புக் கோடு. நீரோட்டத்தில் வலை அறுந்து போனால், எவன் கண்டாலும் அடையாளம் பார்த்து உரியவன் வீட்டு வேலியில் கொண்டுபோய்க் கொழுவிவிட வேண்டும். கூப்பிட்டுச் சொல்லக்கூடத் தேவையில்லை. ஏறாவூரான் வலையைத் தன்னாமுனையான் கொழுவுவான், தன்னாமுனையான் வலையை ஏறாவூரான் கொழுவுவான். சண்டை நடந்த காலத்திலும் இது நிற்கவில்லை. இதைப் பற்றி உங்களிடம் முறைப்பாடு ஒன்றும் வந்திருக்காது.

எங்கள் பிளேனின் வாலில் செம்மஞ்சள் பட்டி ஒன்று இருக்கும், பறக்கும்போது பார்ப்பதற்காக. அவர் அதை எங்கள் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்.

"தம்பி, உங்கட சாமான் ஆத்துக்குள்ள கிடந்திச்சு. செட்டையில சின்ன உடைவு. ஒட்டிப்போட்டன்."

உண்மையில் ஒட்டியிருந்தார். வலை நூலால் தைத்து, மேலே பசை பூசி, வெயிலில் காயவும் வைத்திருந்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணன், கிழித்து மிதப்புச் செய்யுங்கள் என்றேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"பிறத்தியார்ர சாமான வீட்டுல வச்சா வலையில ஒண்டும் படாது மனே. இது உங்கட."

பதினேழு பிளேன் பறக்க விட்டோம், பதினொன்று திரும்பி வந்தது. நான் அறிக்கையில் பதினேழும் தொலைந்தன என்றே எழுதினேன். தொலைந்தவை கொட்டகை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. றிஸான் அவற்றின் மேல் சேட்டுக் காயப் போடுவான்.

கம்பனிப் பெரியவர்கள் மூன்று பேர் காணொளி அழைப்பில் நேரடியாகப் பார்க்க வந்த நாளில்தான் விஷயம் கெட்டது. பிளேன் அருமையாகப் பறந்தது, அருமையாக விழுந்தது. அவர்கள் கை தட்டத் தொடங்கும் முன்பே, ஒரு தோணி படத்துக்குள் வந்தது. கனகசிங்கம் அண்ணன் எழுந்து நின்று, பிளேனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கெமராவைப் பார்த்துச் சிரித்தார். யார் அது என்று கேட்டார்கள். மீட்புப் பிரிவு என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவர். என்ன உபகரணம்? தோணி வலிக்கிற சவள் ஒன்று, என்றேன்.

அவர்களுக்குப் பகிடி பிடிக்கவில்லை. சவள் வைத்திருக்கிற கிழவன் எடுக்கலாம் என்றால் எதிரியும் எடுக்கலாம், எடுத்தால் உள்ளே கோழிப் பொரியல் தாள் இருப்பதைக் கண்டுவிடுவான், கண்டால் பிறகு எவன் நம்புவான் என்று எழுதினார்கள். ஆகவே விழுந்த பிறகு மனிதக் கை தூக்கினால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு பொதி அனுப்பினார்கள். சவர்க்காரக் கட்டி அளவுதான். உள்ளே இருப்பதை மட்டும் எரிக்கும் என்று கூடவே வந்த தாளில் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் வைத்துச் சோதித்தபோது அது பிளேனையும், பக்கத்தில் நின்ற தென்னம்பிள்ளையையும், ஒரு தகரப் பீப்பாவையும் சேர்த்து எரித்தது. ஆகவே அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என நான் சொல்லப் போவதில்லை. தெரியும்.

தண்ணீரிலும் சோதித்தோம். தூரத்தில் நின்று கயிறு கட்டி இழுத்தோம், மூங்கிலால் கிளப்பினோம். படம் எடுத்து அனுப்பினோம். கம்பனி ஏற்கவில்லை. கயிறு மனிதன் இல்லை, மூங்கில் மனிதன் இல்லை என்று பதில் வந்தது. 'அறிவுறுத்தப்படாத ஆள் ஒருவரின் இயல்பான மீட்பு முயற்சி' வேண்டுமாம். அந்த வசனத்தை நான் மாற்றவில்லை, அப்படியே தமிழாக்கியிருக்கிறேன். வேறு எங்கோ ஒரு நாட்டில் இன்னொரு கொட்டகையும் இதே சாமானைச் செய்துகொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் எவன் அந்தப் படத்தை அனுப்புகிறானோ அவனுக்கு வேலை. எங்களுக்குக் கிடைத்தால் கொட்டகை தொழிற்சாலையாகும், முப்பது பேருக்கு வேலை வரும். ஏறாவூரில் கணவன் இல்லாத பெண்கள் இருபது பேரின் பெயர்களை றிஸான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான். அந்தப் பட்டியலை நான் இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் சோதித்தபோது எடுத்துப் பார்த்தீர்கள்.

றிஸானுக்குப் பொதியைப் பற்றிப் பயம் இருந்தது. தென்னம்பிள்ளை எரிந்த அன்று பின்னேரமே என்னிடம் கேட்காமல் கனகசிங்கம் அண்ணனிடம் போய், இனிமேல் பிளேனைத் தொட வேண்டாம், நெருப்புப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தான். வந்து என்னிடமும் சொன்னான். நல்ல வேலை செய்தாய் என்றேன். அவன் முகம் தெளிந்தது.

கனகசிங்கம் அண்ணன் சொன்னால் கேட்கிற மனுஷன். அடுத்த இரண்டு பிளேனையும் அவர் தொடவில்லை. சுற்றிப் போய், கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "கண்டல் பக்கம் கிடக்கு தம்பி. நான் தொடல்ல."

ஆக, மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் நிலைமை இது. பிளேன் இருக்கிறது, பொதி இருக்கிறது, கெமரா இருக்கிறது. எடுக்கிற ஆள் மட்டும் இல்லை. எவனும் துரத்தாத பொய்ப் பிளேன் வெறும் குப்பை என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். குறை ஏவுகணையில் இல்லை, பொய் நன்றாக இல்லை என்றுதான் அர்த்தம். எதிரி எதைத் தேடுகிறான் என்று அறிந்து அதையே காட்ட வேண்டும்.

அந்தக் கிழமைதான் மழை வெள்ளம் வடிய முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி விட்டார்கள். வாவித் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடியது. கனகசிங்கம் அண்ணனின் வலையில் பாதி அறுந்துகொண்டு போய்விட்டது. இரண்டு நாள் தேடிவிட்டு, மூன்றாம் நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, காலில் சேறு என்றார். பத்து வருஷத்துக்குப் பிறகு வாங்கின புது வலை அது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்த வருஷம் தொழில் இல்லை என்று சீதேவிப்பிள்ளை அழுகிறாளாம்.

"உங்கட பிளேன்ல கெமரா இருக்குதானே தம்பி. மேல இருந்து பாத்தா என்ட மிதப்புத் தெரியுமா எண்டு ஒருக்காப் பாருங்க. மூண்டு வெட்டு. சிவப்புக் கோடு."

பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். இதை நீங்கள் கட்டாயம் பதிய வேண்டும். அன்று பின்னேரமே ஒரு பிளேனைப் பறக்க விட்டு, கரையோரம் முழுக்க, கண்டல் காடு முழுக்க, மிகவும் கவனமாகப் பார்த்தேன். வலை இல்லை. கடலுக்குப் போயிருக்க வேண்டும். படத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். அவர் முன்பு கழித்துவிட்ட பழைய மிதப்பு ஒன்று எங்கள் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த பிளேனைக் கொஞ்சம் வேறுவிதமாகச் செய்தேன். செம்மஞ்சள் பட்டி போடவில்லை. வாலில் கொஞ்சம் பாரம் வைத்தேன், விழுந்ததும் உடல் முழுக்கத் தண்ணீருக்குள் போய் ஒரு செட்டையின் முனை மட்டும் மேலே நிற்கும்படி. அந்த முனையில் மூன்று வெட்டு வெட்டினேன். சிவப்புப் பூச்சுக் கொட்டகையில் இல்லை. மனைவி தனுஷியாவின் நகப்பூச்சை எடுத்தேன். என்னத்துக்கு என்று கேட்டாள், வேலைக்கு என்றேன். சரியான சிவப்பு. நான் கெட்டிக்காரன் என்று எனக்கே தோன்றியது. சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் றிஸானை ஓட்டமாவடிக்கு அனுப்பினேன், ரெஜிபோம் வாங்கி வர. கையிருப்பே ஒரு மாதத்துக்குக் காணுமே என்றான். போய் வா என்றேன். அவன் பஸ் ஏறின பிறகு, காலை ஆறு மணிக்குப் பிளேனைப் பறக்க விட்டுக் கண்டல் பக்கம் விழுத்தினேன். கரையில் கெமராவை நிறுத்தினேன். ஏழரைக்கு அவருடைய தோணி வந்தது. எந்நாளும் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம்தான் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை, கை காட்டி அழைக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறிவுறுத்தப்படாத ஆள் என்றால் அறிவுறுத்தப்படாத ஆள்தான். தொழிலில் நான் நேர்மையானவன்.

சவள் வலிப்பதை நிறுத்தினார். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு வேகமாக வலித்தார். கிட்டப் போனதும் கரைப் பக்கம் திரும்பி என்னைக் கண்டார்.

"தம்பி, கண்டுட்டன்" என்றார்.

கையை ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன். படத்தில் என் கை வராது.

படம் மொத்தம் நாற்பது செக்கன். வெளிச்சம் நன்றாக இருந்தது, நடுக்கம் இல்லை. தோணியில் இருந்து அவரைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்ததும் நான்தான், அம்பியூலன்சுக்கு அழைத்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். போய்ப் பார்த்தேன். கை இரண்டும் இல்லை, கண் தெரியவில்லை, பேச்சு மட்டும் இருந்தது. வலை கிடைத்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை அண்ணன் என்றேன். மூன்றாம் நாள் பின்னேரம் செத்துப் போனார். செத்த வீட்டுக்குக் கதிரைகளும் கூடாரமும் என் ஏற்பாடு.

கம்பனிக்குப் படம் பிடித்துவிட்டது. சோதனை சித்தியடைந்துவிட்டது, முகம் தெரிகிற ஆறு செக்கனை வெட்டிவிட்டு மறுபடி அனுப்பவும் என்று பாராட்டி எழுதினார்கள். வெட்டி அனுப்பினேன். நீங்கள் விசாரிக்கத் தொடங்கின கிழமையில் அவர்களுடைய தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை என்று வந்தது. கொழும்பில் அவர்களுடைய அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியர் இருக்கிறாராம். ஆக, ஏவுகணை என்னைத் துரத்துகிறது, மெய்யான விமானம் வீட்டுக்குப் போய்விட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு இரவு நித்திரையில்லை. ஒரு மனிதனை இப்படியா போனால் போகட்டும் என்று விடுவது?

பிடிபட்ட விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாம் எரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் செட்டை முனை எரியவில்லை. அறுந்து, நீரோட்டத்தில் போய், ஏறாவூர்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அசனார் என்கிற மீன்காரர் கண்டிருக்கிறார். மூன்று வெட்டு, சிவப்புக் கோடு. யாருடையது என்று அவருக்குத் தெரியும். செத்ததும் தெரியும். ஆனாலும் முறை முறைதானே. செத்து எட்டாம் நாள், எட்டுச் சடங்கு நடந்த அன்று காலையில் கொண்டுவந்து கனகசிங்கம் அண்ணன் வீட்டு வேலியில் கொழுவிவிட்டுப் போய்விட்டார்.

நான் அங்கே வாழையிலை வெட்டிக்கொண்டு நின்றேன். சீதேவிப்பிள்ளை அக்கா அதைக் கழற்றிப் பார்த்தார். புருஷனின் மிதப்பு வந்துவிட்டது என்று அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. விரலால் வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். முப்பது வருஷமாக அண்ணன் முற்றத்தில் இருந்து கத்தியால் மிதப்பு வெட்ட, உதிர்ந்த வெள்ளை மணியைக் கூட்டி அள்ளினவர் அந்த அக்கா.

"இது அவர் வெட்டினதில்ல தம்பி" என்றார் என்னிடம். "அவர் வெட்டினா உதிரும்."

அப்புறம்தான் அது உங்கள் மேசைக்கு வந்தது. சூட்டுக் கம்பி ஏறாவூரிலும் தன்னாமுனையிலும் ஒரே ஒரு கொட்டகையில்தான் இருக்கிறது என்று றிஸான் உங்களுக்குச் சொல்லியிருப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கத்தியால் வெட்டியிருக்கலாம். ஆனால் கொட்டகை முழுக்கத் தூளாகியிருக்கும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பொதியை வைத்தது நான். மூன்று வெட்டும் நான் வெட்டியது. அதை அவர் எடுப்பார், எடுத்தால் சாவார் என்று தெரிந்தே வாவியில் விட்டேன். எந்த நீதிமன்றத்திலும் இதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் சீதேவிப்பிள்ளை அக்காவிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும், நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். கனகசிங்கம் அண்ணனிடம் நான் ஒருநாளும் ஒரு பொய்யும் சொன்னதில்லை.